தொட்டால் தூக்க வேண்டும்

பாறை ஏறுகிற பித்தை விட்டுத் தொலை என்று ஃபெர்கஸ் தன் மனைவியிடம் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். மெரின் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக்கொண்டிருந்தாள். உலகத்தின் தெற்குக் கோடியில் இருக்கிற ஹோபார்ட் நகரத்துக்குத் தலைமாட்டில் நிற்கிற மலையின் செங்குத்துப் பாறைகளுக்கு, ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளிகளோடு போனாள். பிடித்த கல் கையோடு பெயர்ந்து வந்தது. உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உடம்பு அவள் சொன்னதைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஃபெர்கஸ் "அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக இரண்டு வீட்டாரும் அவனை மெச்சினார்கள். அவன் அந்த வார்த்தையை மென்று விழுங்கியது உண்மைதான். ஆனால் விழுங்கியது செரிக்கவில்லை.

அதுவரை மெரின் சம்பந்தப்பட்ட எதிலும் அவன் பேச்சு எடுபட்டதில்லை. இப்போது கட்டில் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், குளியலறைக் கதவு எவ்வளவு அகலம் வேண்டும், வாசலில் சாய்தளம் எந்தப் பக்கம் என்று எல்லாமே அவன் சொன்னபடி நடந்தது. அதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை அன்பு என்றுதான் நினைத்தான். அதில் அன்பும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

மெரின் எதற்கும் முடங்கிப்போகிற பெண்ணில்லை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கத் திரும்பிப் போனாள். கைகளாலேயே ஓட்டுகிற காருக்கு உரிமம் வாங்கினாள். புதன்கிழமைகளில் பக்கத்து ஊரான கிளெனார்க்கியில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடப் போனாள். அங்கேதான் நொயலீன் அறிமுகமானாள். டாக்சி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறவள், அறுபதை நெருங்குகிறவள், இருபது வயதிலிருந்து நாற்காலியில் இருப்பவள். அவள் நாக்குக்கு அந்தக் கூடத்தில் எல்லாரும் பயப்படுவார்கள், எல்லாரும் அவள் பக்கத்தில்தான் போய் நிற்பார்கள்.

"நீ உக்காந்திருக்கியே, அது வண்டியில்லடி. பூங்காவுல போடற பெஞ்சு" என்றாள் நொயலீன் ஒரு நாள். "இறங்கு. என்னோடதுல ஏறிப் பாரு."

மெரின் ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்தை லேசாக ஒரு தள்ளு. முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. பின்சக்கரங்களின் மேல் அப்படியே நின்றாள், கயிற்றின் மேல் நிற்பவள் மாதிரி. ஆட்டம் பார்க்க வந்து சுவரோரம் நின்றிருந்த ஃபெர்கஸ், விபத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

"பாத்தியா ஃபெர்க்? தொட்டேன், அவ்வளவுதான்."

"தொட்டா தூக்கணும்" என்றாள் நொயலீன். "அப்பதான் நடைபாதையிலேர்ந்து இறங்கலாம், கல்லு முள்ளு தாண்டலாம். இல்லேன்னா ஒவ்வொரு விளிம்புலயும் யாராவது நல்ல மனுசன் வருவானான்னு காத்துக்கிட்டுக் கிடக்கணும்."

அடுத்த நொடியில் மெரின் பின்பக்கம் சாய்ந்தாள். சாய்ந்தது நிற்கவில்லை. அவள் தலை மரத்தரையில் மோதின சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஃபெர்கஸ் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினான். அவன் போய்ச் சேருவதற்குள் அங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கிடந்தவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தாடையை நெஞ்சோட ஒட்ட வெச்சுக்கோன்னு சொல்ல மறந்துட்டேன்" என்றாள் நொயலீன். "பரவால்ல. முதல்வாட்டி விழறது எல்லாருக்கும் இலவசம்."

ஃபெர்கஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சத்தம்தான் அவன் காதில் இருந்தது. மெரின் வேறு உலகத்தில் இருந்தாள்.

"நீ கப்பலுக்கே கணக்குப் போடற ஆளு" என்றாள். "எனக்கு ஒரு நாற்காலி போட மாட்டியா? நொயலீனோடது மாதிரி தூக்கணும். ஆனா அவளோடதவிட லேசா இருக்கணும். கார்ல ஒத்தைக் கையால தூக்கிப் போடற மாதிரி."

"போடலாம்" என்றான். சொல்லும்போது மனசாரத்தான் சொன்னான்.

*

ஃபெர்கஸுக்கு டெர்வென்ட் ஆற்றங்கரையில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. அலுமினியத்தில் பயணிக் கப்பல்கள் கட்டுகிறவர்கள். எங்கே தகடு தடிமனாக இருக்க வேண்டும், எங்கே குறைக்கலாம், எங்கே குறுக்குச் சட்டம் வேண்டாம் என்று சொல்வது அவன் தொழில். அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. பாரம் எங்கெங்கே விழும் என்று கொடுத்துவிட்டு, உடையாமல் எவ்வளவு எடையைக் குறைக்க முடியுமோ குறை என்று சொன்னால், அது தானே சுற்றிச் சுற்றி உலோகத்தைச் சுரண்டி, எலும்பு மாதிரி ஒரு வடிவத்தைக் கொண்டுவந்து காட்டும். ஆனால் அது கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். எடையையும் வலிமையையும் மட்டும் கேட்டால் அவை இரண்டையும்தான் பார்க்கும். கப்பல் தலைகனத்துப் புரண்டாலும் அதற்குக் கவலை கிடையாது. அதனால் ஃபெர்கஸ் ஒவ்வொரு கணக்கிலும் ஈர்ப்பு மையத்தையும் சேர்த்துக் கேட்பான். மொத்த எடையும் எந்தப் புள்ளியில் குவிகிறது, அந்தப் புள்ளி இந்த எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்று கட்டுப் போட்டுவிடுவான். பட்டறையில் அதை இவ்வளவு பொறுப்பாகச் செய்கிறவன் அவன் ஒருவன்தான் என்று மேலாளர் வார்விக் வாய்விட்டுச் சொல்வான்.

"உன் பொண்டாட்டிக்கா? தாராளமா பண்ணிக்கோ" என்றான் வார்விக், கேட்டபோது. "சனி ஞாயிறு அந்தக் கம்ப்யூட்டர் சும்மாதானே தூங்குது."

நாற்காலிக்கும் அதே கணக்குதான். சட்டம் சில கிலோதான். உட்காருகிறவளின் உடம்புதான் பெரிய பாரம். அதனால் மெரினின் உடம்பை ஒரு கட்டியாக்கி, இருக்கைக்கு மேல், அவள் நெஞ்சுக்குக் கீழே ஒரு புள்ளியில் வைத்தான். அவளும் நாற்காலியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பின்சக்கர அச்சுக்குச் சற்றே முன்னால் விழ வேண்டும். எவ்வளவு முன்னால் என்று மெரினும் நொயலீனும் கூடத்தில் உட்கார்ந்து, நகர்த்தி நகர்த்திப் பார்த்து, அளந்து கொடுத்திருந்தார்கள். மையம் அச்சுக்கு நெருங்க நெருங்க, நாற்காலி தொட்டால் தூக்கும். விலக விலக, பெஞ்சு.

முதல் விடை வந்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது. நாரையின் கால் மாதிரி ஒல்லியான சட்டம். படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். மெரின் விரலால் அதன் வளைவைத் தடவினாள்.

"அச்சு நான் சொன்ன இடத்துலதானே?"

"நீ சொன்ன இடத்துலதான்."

அன்றைக்கு அது உண்மை.

மறுவாரம், உறைபனி விழுந்த ஒரு காலையில், ஃபெர்கஸ் பால் வாங்கிக்கொண்டு தங்கள் தெருவில் ஏறி வந்தான். மேற்கு ஹோபார்ட்டின் தெருக்கள் பாதி ஏணி, பாதி தெரு. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினான். கீழே ஆறு தகரம் மாதிரி மின்னியது. இந்த மேட்டில் அந்த நாற்காலி என்னாகும் என்று ஒரு எண்ணம் வந்தது. சனிக்கிழமை பட்டறைக்குப் போய், தெருவின் சரிவைக் கணக்கில் கொடுத்துப் பார்த்தான். கணக்கில் மெரினாக வைத்திருந்த கட்டி பின்பக்கம் கவிழ்ந்தது. தெருவின் பாதிச் சரிவிலேயே கவிழ்ந்தது.

அவன் அதை மெரினிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவள் தோளைக் குலுக்குவாள். கயிறு இருக்கே, ஒன்றும் ஆகாது என்று பாறை ஏறுகிற காலத்தில் சொன்ன அதே தோரணையில் ஏதாவது சொல்வாள். கடைசியில் அவள் சொன்னதுதான் நடக்கும். அதற்குப் பிறகு அவன் தினமும் தெருவில் அந்தச் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஈர்ப்பு மையத்துக்குப் போட்டிருந்த எல்லையை மாற்றினான். ஒரே ஒரு எண். இதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான். மென்பொருள் கொஞ்ச நேரம் சுற்றியது. சட்டத்தை அதிகம் தொடவில்லை. அச்சைப் பின்னால் தள்ளியது. படம் பார்க்க முன்னது மாதிரியேதான் இருந்தது. தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் தவிர வித்தியாசம் தெரியாது.

பற்றவைத்துக் கொடுத்தவன் விங்கோ. குரோஷியாக்காரக் குடும்பம், பட்டறையில் அவன் கைக்கு நிகரான கை இல்லை. வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினான்.

"அச்சை நகர்த்தற மாதிரி துளைத்தகடு வைக்கலியா? கடையில விக்கறதுல எல்லாம் இருக்குமே."

"தகடு வெச்சா எடை ஏறிடும். அப்படியே பத்தவெச்சுடு."

"அப்புறம் பிடிக்கலேன்னா வெட்டித்தான் எடுக்கணும். உன் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளே கேட்டதுதான்" என்றான் ஃபெர்கஸ்.

எடை ஏறும் என்பது பொய்யில்லை. ஒரு ஆப்பிள் எடைதான் ஏறியிருக்கும்.

*

நாற்காலி வீட்டுக்கு வந்த நாளில் மெரின் அதை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில், கூடைப்பந்துக் கூடத்தில், பார்த்தவர்களிடமெல்லாம் "என் புருஷன் பண்ணது" என்றாள். நொயலீன் மட்டும் அப்போது ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று பெர்த்துக்குப் போனவள், இரட்டைக் குழந்தை என்றதும் அங்கேயே தங்கிவிட்டாள்.

நாற்காலி தூக்கவில்லை. மெரின் தள்ளிப் பார்த்தாள்; முன்சக்கரம் ஒரு விரல்கடை எழுந்து, திரும்ப விழுந்தது. புது வண்டி, பழகணும் என்றாள். சாயங்காலங்களில் வாசல் சாய்தளத்துக்குப் பக்கத்தில் போய்ப் பழகினாள். ஃபெர்கஸ் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பான். உடம்பைப் பின்னால் வீசி, சக்கரத்தை வெடுக்கென்று இழுத்து, மறுபடி, மறுபடி. கிழக்கே மலைகள் இருட்டிக்கொண்டு வரும்போது வியர்த்து உள்ளே வருவாள்.

"நொயலீனோடதுல அப்படி ஈசியா வந்துச்சே" என்றாள். "இதுல ஏன் வரல?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவன் வாயைத் திறந்தான்.

"பொறுமையா இரு. வரும்" என்றான்.

வாய் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு, அடுத்த தடவை இன்னும் கஷ்டமாகிவிட்டது. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். ஒரு மாதம் கழித்துச் சொல்வதென்றால், அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். நாளுக்கு நாள் அது வட்டி மாதிரி ஏறிக்கொண்டு போனது. அவள் விழவில்லையே, அதுவே போதும் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அவள் ஒரு தடவைகூட விழவில்லை.

மெரின் வண்டியைச் சந்தேகிக்கவில்லை. அவன் கணக்கைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்னையே சந்தேகித்தாள். கையில் பலமில்லை என்று உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். பயந்துவிட்டேனோ என்று ஒரு நாள் கேட்டாள்.

"அன்னிக்கு விழுந்தேனே, அதுலேர்ந்து உள்ளுக்குள்ள பயம் பூந்துடுச்சோ என்னவோ. உடம்பு பின்னால போகவே மாட்டேங்குது. பாறையில நான் பயந்ததே இல்ல ஃபெர்க், உனக்குத் தெரியும். இப்ப ரெண்டு அங்குலத்துக்குப் பயப்படறேன்."

"அப்படியெல்லாம் இல்ல" என்றான் அவன். அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

குளிர்காலம் முடிவதற்குள் அவளுடைய வலது தோள் வலிக்க ஆரம்பித்தது. அச்சு பின்னால் இருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் கையைப் பின்னால் எட்ட வேண்டும். தோள் எலும்புக்குள் உராயும். உடற்சிகிச்சை செய்கிற பெண் தோளை அழுத்திப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்:

"அச்சு சரியான இடத்துல இருக்கா? பின்னால இருந்தா இப்படி வரும்."

"அதெல்லாம் கச்சிதமா இருக்கு" என்றாள் மெரின். "இவரு கப்பல் இன்ஜினியரு. நான் சொன்ன இடத்துல, ஒரு நூல் பிசகாம வெச்சிருக்காரு."

சிகிச்சைக்காரி திரும்பி ஃபெர்கஸைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவன் மெரினின் மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவனும் புன்னகைத்தான். பின்னாளில் அவனுக்கு மற்றதெல்லாம் மங்கிப்போனது. அந்தப் புன்னகை மங்கவில்லை.

அதற்கடுத்த வாரம், காருக்குள் ஏறும்போது, தோளில் ஏதோ கிழிந்தது.

*

நொயலீன் பெர்த்திலிருந்து வந்ததும் முதலில் மெரினைப் பார்க்க வந்தாள். மடியில் ஒரு காகிதப் பொட்டலம், அதில் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட சூடான பணியாரங்கள். மெரின் சோபாவில் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவளுடைய நாற்காலி சுவரோரம் காலியாக நின்றது.

"இதுதானா அந்த மகாராணி ரதம்?" என்று நொயலீன் அதைத் தன் பக்கம் இழுத்தாள். முதுகுச் சட்டத்தைப் பிடித்துக் கீழே அழுத்திப் பார்த்தாள். பிறகு குனிந்து சக்கரத்தின் நடுவைப் பார்த்தாள். அவள் பேச்சு நின்றது. நொயலீன் பேச்சு நிற்பது அபூர்வம்.

"என்ன?" என்றாள் மெரின்.

"நம்ம அளந்த இடம் இது இல்லடி."

"அதேதான். படத்துல பாத்தேனே."

"படத்துல என்ன பாத்தியோ எனக்குத் தெரியாது. கூடத்துல உன்னை உக்கார வெச்சு அளந்தது நானு. இது பின்னால இருக்கு. நல்லாவே பின்னால இருக்கு. இதுல நான்கூடத் தூக்க மாட்டேன். எவனும் தூக்க மாட்டான்."

ஃபெர்கஸ் அப்போதுதான் தேநீர்த் தட்டோடு வந்தான். இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். அவன் முகத்திலேயே பதில் இருந்திருக்க வேண்டும். நொயலீன் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"நான் வாசல்ல இருக்கேன்" என்றாள்.

"ஃபெர்க், அச்சு பின்னால இருக்காம்."

"கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"நம்ம தெரு எப்படின்னு உனக்கே தெரியும். நீ கேட்ட இடத்துல வெச்சா மேட்டுல பின்பக்கமா கவுந்துடுவே. கணக்குப் போட்டுப் பாத்தேன். வேணும்னா காட்டறேன்."

"கணக்குல நான் எப்படி உக்காந்திருந்தேன்?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "எப்படின்னா?"

"நிமிர்ந்தா, குனிஞ்சா?"

"உன்னை ஒரு எடையா வெச்சேன். ஒரு புள்ளியில."

"மேடு வந்தா நான் குனிவேன் ஃபெர்க். மேடு வந்தா எல்லாரும்தான் குனிவாங்க. உன் கணக்குல இருக்கறவளுக்குத்தான் குனியத் தெரியாது."

அவன் தட்டைக் கீழே வைத்தான். தேநீர் தளும்பியிருந்தது. இவ்வளவு காலம் கப்பல்களைப் புரளாமல் நிறுத்திவைத்தவனுக்கு, மனுஷி குனிவாள் என்று தோன்றாமலே போயிருந்தது. தோன்றியிருந்தாலும் அந்த எண்ணை மாற்றித்தான் இருப்பானோ என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"எப்ப மாத்தினே? எனக்குப் படம் காட்டினியே, அதுக்கு முன்னாலயா பின்னாலயா?"

"பின்னால. சொல்லணும்னு இருந்தேன்."

"ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு நிப்பே. நான் அங்க வெளியில கிடந்து மல்லாடுவேன். பொறுமையா இரு, வரும்னு சொன்னே. வராதுன்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

அவன் தட்டில் தளும்பியிருந்த தேநீரைத் துடைத்தான்.

"நான் பயந்துட்டேனோன்னு உன்கிட்ட கேட்டேன். என் தலையைத் தடவினே."

"நீ மறுபடி விழக் கூடாதுன்னுதான் மெரின். அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல."

"தெரியும்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "நீ சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீ ஜெயிச்சிருக்கலாம்கூட. தெருவுக்காக ரெண்டு விரல் பின்னால வெச்சுக்கோன்னு நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. நீதான் சண்டையே போடாம ஜெயிச்சுட்டே."

"வெட்டி மாத்திடலாம். விங்கோகிட்ட ஒரு நாள் வேலைதான்."

"என் தோளையும் விங்கோகிட்டயே கொடுப்பியா?"

வெளியே நொயலீன் யாரிடமோ தொலைபேசியில் பேசுவது கேட்டது. மெரின் கண்ணை மூடிக்கொண்டாள். பணியாரங்கள் மேசைமேல் ஆறிப்போயின. யாரும் தொடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் நொயலீனின் அடுக்ககத்துக்குப் போனாள். கிளெனார்க்கி சமதரையான ஊர். தெருவெல்லாம் மேசைபோல இருக்கும். கொஞ்ச நாளைக்கு என்றுதான் இருவரும் சொல்லிக்கொண்டார்கள். பெட்டிகளை அவன்தான் காரில் ஏற்றினான். அந்த நாற்காலியை அவள் எடுத்துப்போகவில்லை. உதவி நிறுவனம் இரவலாகத் தந்த ஒரு பழைய கனத்த வண்டியில் போனாள்.

*

விங்கோ சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெட்டணுமா? அவங்களே கேட்டதுன்னு சொன்னியே."

"அவ கேட்கல" என்றான் ஃபெர்கஸ். "நான் பொய் சொன்னேன்."

விங்கோ முகக்கவசத்தைக் கழற்றி வைத்தான்.

"தம்பி, நான் பத்தவெச்ச வேலை இது. பாக்கறவங்ககிட்டெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியாம என் கையையும் இதுல சேத்துட்டே" என்றான். வெட்டினான், ராவினான், மெரினும் நொயலீனும் அளந்த அதே இடத்தில் அச்சை வைத்துப் பற்றவைத்தான். இந்தத் தடவை துளைத்தகட்டோடு. தேநீர் இடைவேளையில் ஃபெர்கஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, சிகரெட் பிடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனான்.

நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுக்க ஃபெர்கஸ் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தான். அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் மெரின் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அறுவை சிகிச்சை செய்தாலும் தோள் பழையபடி ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கூடைப்பந்து இனி இல்லை. கரும்பலகையில் கை உயர்த்தி எழுதுவதுகூட இனி இடது கையால்தான்.

"சரியான இடத்துல வெச்சிருக்கேன்" என்றான். "நகர்த்திக்கலாம். திருகற சாவி சீட்டுக்கடியில இருக்கு."

அவள் நாற்காலியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு இரவல் வண்டியிலிருந்து அதற்கு மாறினாள். அவன் உதவிக்கு வந்தபோது தலையசைத்து வேண்டாம் என்றாள். மாறி உட்கார நேரம் பிடித்தது.

வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையால் சக்கரத்தைத் தொட்டாள். லேசாக உடம்பைப் பின்னால் சாய்த்தாள்.

முன்சக்கரங்கள் எழுந்தன.

எந்தப் பலமும் தேவைப்படவில்லை. வலித்த தோளோடு, ஒற்றைக் கையோடு, அது எழுந்தது. வெயிலில் அந்த இரண்டு சின்னச் சக்கரங்களும் காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. மெரின் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடற்பயிற்சிக் கூடமும், வியர்வையும், சாய்தளத்துச் சாயங்காலங்களும் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை ஃபெர்கஸ் பார்த்தான். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தான். இதைவிடக் கொடூரமாக அவன் அவளுக்கு எதையும் கொண்டுவந்திருக்க முடியாது.

"கையை எடு" என்றாள்.

அப்போதுதான் கவனித்தான். அவன் இரண்டு கைகளும் அவள் முதுகுக்குப் பின்னால், பிடிக்கத் தயாராக, விரிந்து நின்றிருந்தன. அவன் எப்போது அவளுக்குப் பின்னால் வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. எடுத்தான்.

"தள்ளி நில்லு. இன்னும்."

தள்ளி நின்றான். அவள் அப்படியே சமன்பட்டு இருந்தாள். பிறகு முன்சக்கரங்களை ஓசையில்லாமல் கீழே இறக்கினாள்.

"நாற்காலி நல்லா இருக்கு" என்றாள். "இதை வெச்சுக்கறேன்."

"நான் வாரா வாரம் வந்து..."

"வேண்டாம் ஃபெர்க். வக்கீல் ஒருத்தி பேசுவா. நல்லவதான்."

அவன் இரவல் வண்டியை மடித்து, நிறுவனத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று காரில் ஏற்றினான். செய்ய அவனுக்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அவளும் அதற்கு மட்டும் நன்றி சொன்னாள்.

*

வீட்டை விற்றார்கள். அந்த மேட்டுத் தெருவில் தனியாக இருக்க ஃபெர்கஸுக்கும் இஷ்டமில்லை. பட்டறையில் வேலை எப்போதும்போல நடந்தது. புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களுக்கு ஈர்ப்பு மையத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசு என்று வார்விக் கேட்டான். இதில் உன்னை விட்டால் இங்கே யார் இருக்கிறார்கள் என்றான். ஃபெர்கஸ் தொண்டை சரியில்லை என்று தட்டிக்கழித்தான். விங்கோ அவனைப் பார்த்தால் தலையசைப்பான். அதோடு சரி.

ஒரு கோடை போய் அதற்கடுத்த கோடையில் ஒரு நாள், பக்கத்து மூனாவில் ஒரு பல்பொருள் அங்காடியில் நொயலீனைப் பார்த்தான். உயரத் தட்டிலிருந்து ஏதோ டப்பாவை எடுக்க ஒரு பையனை ஏவிக்கொண்டிருந்தாள். கண்டும் காணாமல் போய்விடலாம் என்று நினைத்தான். அவள் பார்த்துவிட்டாள்.

"நல்லா இருக்கியா?" என்றாள். கேலி இல்லை.

"இருக்கேன். மெரின்?"

"மெரினுக்கென்ன. வர்ற வருஷம் பள்ளிக்கூடத்துல துறைத்தலைவி ஆக்கப் போறாங்களாம். தோள்தான் குளிர்ல படுத்தும்." டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பணம் கட்டும் வரிசைக்குத் திரும்பினாள், அவனும் பின்னால் போனான். "நடுவுல ஒருவாட்டி விழுந்தா. பஸ் நிறுத்தத்துல, நடைபாதையிலேர்ந்து இறங்கறப்ப. பின்னாலயே போயிட்டா. முழங்கையில நாலு தையல்."

ஃபெர்கஸ் கேட்டான்: "எப்ப?"

"அது ஆச்சே. ஆகஸ்ட்டு."

இப்போது ஜனவரி. ஐந்து மாதமாக அந்தத் தையல்கள் போட்டு, பிரித்து, ஆறித் தழும்பாகிக்கூட இருக்கும். யாருக்கும் அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்?

"யார் தூக்கிவிட்டாங்க?" என்று கேட்டான்.

"எதைத் தூக்கிவிடணும்? அவளே ஏறி உக்காந்துட்டா" என்றாள் நொயலீன். "பஸ்ஸைத்தான் விட்டுட்டா. அடுத்ததுல வந்தா."

வரிசை நகர்ந்தது. அவள் சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். ஃபெர்கஸ் கூடையில் இருந்த பாலையும் ரொட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்ற யாரோ, முன்னால போறீங்களா இல்லியா என்று கேட்கிற வரைக்கும் நின்றான்.